கல்முனைக் கரையில் ஒரு பூங்காவுக்கு இடம் எங்கே?

நீரிழிவு என்று கண்டுபிடித்ததும் வைத்தியர் சொல்லும் முதல் அறிவுரை, "தினமும் நடவுங்கள்" என்பதுதான். எங்கே நடப்பது என்று அவர் சொல்வதில்லை. அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும் கல்முனை ஆதார வைத்தியசாலையிலும் கிளினிக் நாட்களில் இந்த அறிவுரையைப் பெற்றுத் திரும்பும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு இருக்கும் ஒரே நடைபாதை பிரதான வீதி. சுபஹ் தொழுகை முடிந்த கையோடு ஆண்கள் அதில் நடக்கிறார்கள். பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்து, வீதி விளக்கு அணைவதற்குள் நடந்து முடித்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ-4 நெடுஞ்சாலை அது. இரவு முழுக்க ஓடிய பஸ்ஸின் சாரதி கண்ணைக் கசக்கிக்கொண்டு வரும் நேரமும் அதே நேரம்தான்.

பூங்கா, பொழுதுபோக்கு, நடைபாதை என்று பேச ஆரம்பித்தாலே நம்மில் பலருக்குச் சிறிது வெட்கமாக இருக்கிறது. காணி பிரச்சினை தீரவில்லை, காணாமல் ஆக்கப்பட்டோருக்குப் பதில் இல்லை, இளைஞர்களுக்கு வேலை இல்லை. இந்த நேரத்தில் ஊஞ்சலும் சறுக்கியும் ஒரு பேச்சா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கல்முனைக் கரையோரத்தில் ஒரு பூங்காவுக்கு இடம் தேடிப் புறப்பட்டால், நாம் ஒதுக்கி வைக்க நினைத்த அத்தனை பிரச்சினைகளும் வழியில் வந்து நிற்கின்றன. காணி, கடல், எல்லை, இராணுவம், இனம், பெண்கள் வெளியில் வருவது பற்றிய நம்முடைய இரட்டை மனம் என எதையும் தாண்டிப் போக முடியாது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். வடக்கே பெரியநீலாவணையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது வரை ஒடுங்கிய ஒரு மணல் பட்டி. கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவில் நெடுஞ்சாலை. இந்தப் பட்டிக்குள் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி எனக் குடியிருப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன; வயல் பக்கமாக நற்பிட்டிமுனையும் சேனைக்குடியிருப்பும். ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். இலங்கையில் கொழும்புக்கு வெளியே இவ்வளவு நெருக்கமாக மக்கள் வாழும் இடங்கள் சிலவே. பிள்ளைகளுக்குச் சீதனமாக வளவைப் பிரித்து, பிரித்த வளவுக்குள் இன்னொரு வீடு கட்டி, பேர்ச் கணக்கில் சுருங்கிப்போன ஊர்கள் இவை. தாய் வீட்டின் முற்றம் மகளின் வீடாகி, அந்த வீட்டின் முற்றம் பேத்தியின் வீடாகிவிட்டது. இன்று பிள்ளைக்கு விளையாட முற்றமே இல்லை. ஒரு தலைமுறைக்கு முன்னர் பூங்கா ஏன் என்று கேட்டிருக்கலாம். இப்போது கேட்க முடியாது.

மைதானங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. கல்முனையில் சந்தாங்கேணி மைதானம், மருதமுனையில் மசூர் மௌலானா மைதானம், சாய்ந்தமருதில் பௌசி மைதானம். ஆனால் மைதானம் வேறு, பூங்கா வேறு. மைதானம் பதினாறு வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட ஆண்களின் இடம். பின்னேரம் நாலரை மணிக்கு அங்கே கிரிக்கெட் பந்தும் கால்பந்தும் பறக்கும்போது, கைக்குழந்தையோடு ஒரு தாய் எங்கே உட்காருவாள்? ஊன்றுகோலோடு வருகிற முதியவர் எங்கே உட்காருவார்? நிழலும் இருக்கையும் தண்ணீரும் சுத்தமான மலசலகூடமும் இருக்கிற, எதையும் விளையாடாமல், எதையும் வாங்காமல் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு எழுந்து போகக்கூடிய இடத்தைத்தான் பூங்கா என்கிறோம். அந்தக் கணக்கில் நம்மிடம் இருப்பது மிகக் கொஞ்சம்.

இது ஏதோ ஆடம்பரக் கோரிக்கை அல்ல. 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் சபையின் கடமைகளைச் சொல்லும்போது சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், வீதிகள் என்பதோடு நிறுத்தவில்லை. மக்களின் சௌகரியம், நலன், நகரத்தின் வசதிகள் ஆகியவற்றைப் பாதுகாப்பதும் மேம்படுத்துவதும் சபையின் பொறுப்பு என்று சேர்த்தே சொல்கிறது. வீதி விளக்கும் வடிகானும் எப்படிக் கடமையோ, அப்படியே இதுவும் கடமை. குப்பை அள்ளவில்லை என்று சபை வாசலில் நிற்கும் நாம், இருக்க இடம் இல்லை என்று ஒருநாளும் நின்றதில்லை.

நிற்பதற்குச் சபை இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. 2001இல் மாநகர சபையாகத் தரமுயர்ந்த கல்முனையின் கடைசித் தெரிவான சபை 2018இல் வந்தது. அதன் ஆயுள் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி நாடெங்கும் 339 உள்ளூராட்சி சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோது, கல்முனை அந்தப் பட்டியலில் இல்லை. விவகாரம் நீதிமன்றத்தில் இருந்தது. பக்கத்தில் காரைதீவும் நிந்தவூரும் சம்மாந்துறையும் வாக்களித்தன. கரையோரத்தின் மிகப் பெரிய நகரம் பார்த்துக்கொண்டிருந்தது. ஆணையாளர் ஒருவர் நிர்வாகத்தை நடத்தலாம். சம்பளம் கொடுக்கலாம், குப்பை அள்ளலாம், பழைய திட்டத்தை முடிக்கலாம். ஆனால் ஒரு காணியை எடுத்து "இது இனி எல்லோருக்கும்" என்று சொல்வது அரசியல் முடிவு. வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டியவரே அதைச் செய்ய முடியும்.

தேர்தல் ஏன் நடக்கவில்லை என்பதன் வேரைப் பார்த்தால் எல்லைப் பிரச்சினையில் போய் முடியும். சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக இருக்கிறது. 2020 பெப்ரவரியில் அதற்கு வர்த்தமானி அறிவித்தல் வந்தது. சில நாட்களுக்குள்ளேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. மறுபுறம், கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்த வேண்டும் என்ற தமிழ் மக்களின் கோரிக்கை. 2019 ஜூனில் அது சாகும்வரை உண்ணாவிரதம் வரை போனது. இரண்டு கோரிக்கைகளிலும் நியாயம் எவ்வளவு, அரசியல்வாதிகளின் விளையாட்டு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. ஆனால் விளைவு கண்ணுக்குத் தெரிகிறது. எல்லை தீராத ஊரில் எந்தப் பொதுக் காணியும் "யாருடைய பக்கம்" என்ற கேள்வியோடுதான் பார்க்கப்படுகிறது. ஒரு மரம் நட்டால்கூட, நட்டவர் எந்த ஊர்க்காரர் என்று பார்க்கிறோம். கோயில் வளவும் பள்ளிவாசல் வளவும் பாடசாலை மைதானமும் தத்தம் சமூகத்தின் இடங்களாக இருக்கின்றன. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் வாங்குபவர், விற்பவர் என்ற உறவுக்கு வெளியே சந்திக்கும் இடம் ஒன்றுகூட இல்லை. சந்தையில் மட்டும் சந்திக்கிற சமூகங்கள் விலை பேசப் பழகியிருக்கின்றன. வேறெதையும் பேசப் பழகவில்லை.

ஆகவே எல்லோருடைய கண்ணும் கடற்கரைக்குப் போகிறது. அங்கேதான் வெறும் நிலம் இருக்கிறது. ஏன் வெறுமையாக இருக்கிறது என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும்.

2004 டிசம்பர் 26 காலை இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு என்று கடலோரத் தெருக்கள் வரிசையாகத் துடைக்கப்பட்டன. அதன்பின் அரசு கரையிலிருந்து வடக்குக் கிழக்கில் 200 மீற்றர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் என்று கட்டடம் கட்டத் தடை வலயத்தை அறிவித்தது. சுனாமிக்கு ஏன் திசைக்கொரு அளவு என்று அன்றே கேட்டோம். பின்னர் அது தளர்த்தப்பட்டு, நம் பக்கத்தில் 65 மீற்றர் என்ற கணக்கு நிலைத்தது. மருதமுனையில் ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயரே "அறுபத்தைந்து மீற்றர்" என்று ஆகிவிட்டது. சாய்ந்தமருதில் வெனிசுவேலாவின் உதவியில் எழுந்த குடியிருப்பு பொலிவேரியன் கிராமம் ஆனது. நுரைச்சோலையில் சவூதி அரேபியா கட்டிக்கொடுத்த 500 வீடுகளோ, பங்கீட்டுத் தகராறில் நீதிமன்றம் போய், ஆண்டுக்கணக்கில் காடு பற்றிக் கிடந்தன.

மக்கள் உள்ளே போனார்கள். பழைய வளவின் உறுதி அவர்களிடமே இருந்தது. கட்டடம் கட்டக்கூடாது, ஆனால் நிலத்தின் உரித்து உரியவருடையதே என்றுதான் அப்போது சொல்லப்பட்டது. இந்த இரண்டு வசனங்களுக்கும் இடையில்தான் இன்றைய கடற்கரை கிடக்கிறது. சீமெந்துத் தரையும் கிணற்றுக் கட்டும் மணலுக்குள் தெரிகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. அது வெளியூர்க்காரருக்கு வெறும் தரை. அந்த வீட்டுக்காரருக்கு அது சமையலறை. யார் எந்த மூலையில் படுத்திருந்தார்கள் என்று தெரிந்த அறை. சிலர் திரும்பி வந்து கொட்டில் போட்டார்கள். சிலர் உறுதியை அலுமாரிக்குள் வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒருமுறை டிசம்பரில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இங்கே ஒரு பூங்கா வரலாம். வரக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். உயிர் போன நிலத்தில் பிள்ளைகள் விளையாடுவதைவிட நல்ல நினைவுச்சின்னம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் உறுதிக்காரரைக் கேட்காமல், இழப்பீடு பேசாமல், "கடற்கரை அரச காணிதானே" என்று பலகை நடுவது இன்னொரு பறிப்பு. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பேணல் சட்டம் கரையிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்கிறது. அந்த வலயத்துக்குள் அபிவிருத்தி செய்ய அனுமதி வேண்டும் என்பதே அதன் பொருள். வலயத்துக்குள் இருப்பதெல்லாம் அரசின் சொத்து என்பதல்ல. இந்த வேறுபாட்டை அதிகாரிகள் சில நேரம் மறந்துவிடுகிறார்கள். மக்களும் தெரியாமல் ஒத்துக்கொண்டு போகிறார்கள்.

கடற்கரையில் பொழுதுபோக்கு என்ற பெயரில் என்ன நடக்கலாம் என்பதற்கு வெகுதூரம் போகத் தேவையில்லை. இதே அம்பாறைக் கரையின் தெற்கு முனையில், பொத்துவிலுக்கும் அப்பால், பாணமை இருக்கிறது. சிங்களமும் தமிழும் ஒரே குடும்பத்துக்குள் கலந்த ஊர். 2010 ஜூலையில் ஓர் இரவு முகம் மூடிய ஆயுததாரிகள் வந்து ராகம்வெல, சாஸ்திரவெல பகுதிகளின் குடிசைகளை எரித்து மக்களை விரட்டினார்கள். பின்னர் அந்தக் காணிகளில் கடற்படையும் விமானப்படையும் இருந்தன. கடற்படை அங்கே உல்லாச விடுதி நடத்தியது. 2015 பெப்ரவரியில் 340 ஏக்கரை மக்களுக்கு விடுவிக்க அமைச்சரவை தீர்மானித்தது. தீர்மானம் காகிதத்தில் இருக்க, மக்கள் வருடக்கணக்கில் வழக்கும் போராட்டமுமாக அலைந்தார்கள். காங்கேசன்துறையில் இராணுவம் நடத்திய தல்செவன விடுதியை வடக்கு வாசகர்கள் அறிவார்கள். யாருடைய வளவில் யார் ஓய்வெடுக்கிறார்கள் என்ற கேள்வியை அங்கே கேட்டவர்கள், பாணமையில் விரட்டப்பட்டவர்கள் சிங்களம் பேசுகிறவர்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். கடலோரக் காணிக்கு விலை ஏறினால் மொழி பார்க்காது.

போருக்குப் பிறகு கொழும்பு அழகானதும் இப்படி ஒரு கதைதான். 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. சுதந்திர சதுக்கத்தில் நடைபாதை வந்தது. தியத உயன வந்தது. ஈரநிலப் பூங்கா வந்தது. நடப்பவர்களுக்கு அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் சேரிகளை அகற்றிய அதே கை அந்த நடைபாதைகளையும் போட்டது. பூங்காவைப் பாதுகாப்பு அமைச்சு கட்டுகிற நாட்டில், வடக்குக் கிழக்கில் ஒரு கடற்கரையை "அழகுபடுத்தப் போகிறோம்" என்று அறிவித்தால் மக்கள் முதலில் அச்சப்படுவதைக் குறை சொல்ல முடியாது.

காலிமுகத்திடலில் ஒரு பழைய கல் நிற்கிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் அந்த நடைபாதையை முடித்தபோது, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக இதைப் பேணுங்கள் என்று தனக்குப் பின்னால் வருபவர்களைக் கேட்டுக்கொண்டார். அவர் மனதில் இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பெண்களும் பிள்ளைகளும்தான். இருந்தும் அந்தத் திடல் பின்னர் எல்லோருடையதுமாயிற்று. இஸ்ஸோ வடை தின்னவும் பட்டம் விடவும் வந்த அதே இடத்துக்கு 2022 ஏப்ரலில் மக்கள் ஒரு ஜனாதிபதியை வீட்டுக்குப் போகச் சொல்லவும் வந்தார்கள். ஆட்சியாளர்கள் பொதுவெளியை விரும்பாததற்கு ஒரு காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

பெண்களும் பிள்ளைகளும் என்ற அந்தச் சொல்லைக் கல்முனைக்குக் கொண்டுவருவோம். நம் கரையோர முஸ்லிம் ஊர்களில் பெண்கள் கடற்கரைக்குப் போவது பற்றி இரு விதமாகப் பேசுகிறோம். வெளியே போகக்கூடாது என்று வெளிப்படையாகச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் கடற்கரையில் இருட்டு, மலசலகூடம் இல்லை, பையன்கள் மோட்டார் சைக்கிளில் சுற்றுகிறார்கள், ஆகவே போகாமல் இருப்பதே நல்லது என்று சொல்லிவிடுகிறோம். வசதியின்மையே கட்டுப்பாடாக வேலை செய்கிறது. விளக்கும் காவலும் மலசலகூடமும் தொழுவதற்கு ஓர் ஒதுக்கிடமும் இருந்தால் மஃரிபுக்குப் பிறகும் குடும்பம் குடும்பமாக இருப்பார்கள். அது மார்க்கத்துக்கும் பண்பாட்டுக்கும் எதிரானதாகாது என்பதற்கு நம் ஊரிலேயே அத்தாட்சி இருக்கிறது. கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் பேரில் ஆண்டுதோறும் கொடியேறும்போது அந்த மணல் முழுதும் பெண்களும் பிள்ளைகளும்தான். வளையல் கடையும் மிட்டாய்க் கடையும் ஊஞ்சலும். தர்காவை ஏற்பவர்களுக்கும் ஏற்காதவர்களுக்கும் இடையில் வாதம் இருக்கிறது, அது அவர்கள் பாடு. ஆனால் வருடத்தில் சில நாட்களாவது கடற்கரை பெண்களுக்குத் திறந்திருந்தது அந்தக் கொடியின் நிழலில்தான். பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் தீப்பள்ளயத்தின்போதும் அப்படியே. பஞ்சபாண்டவர் கோலம் கடற்கரைக்குப் போகும்போது ஊரே பின்னால் போகும். திருவிழா முடிந்தால் மறுநாள் கடற்கரை மீண்டும் ஆண்களுடையது.

அறுகம்பையில் 2018இல் பெண்களுக்கென்று ஒரு அலைச்சறுக்குக் கழகம் உருவானது, நாட்டிலேயே முதலாவது. வெளிநாட்டவர் நிறைந்த கடலில் உள்ளூர்ப் பெண் இறங்குவதற்கு எட்டு வருடங்களுக்கு முன்புவரை இடம் இருக்கவில்லை என்பதும் அந்தச் செய்திக்குள் இருக்கிறது. கல்முனையில் யாரும் அலைச்சறுக்கு கேட்கவில்லை. நடக்க ஒரு பாதை கேட்கிறார்கள்.

கடற்கரை மீனவர்களுடையதும்தான். இதைப் பூங்காத் திட்டக்காரர்கள் கடைசியில்தான் நினைக்கிறார்கள். கரைவலை இழுக்க நீளமான, தடையில்லாத மணல் வேண்டும். தோணி ஏற்ற இடம் வேண்டும், வலை உலர்த்த இடம் வேண்டும், வாடி வேண்டும். கொங்கிறீற்று இருக்கையும் அலங்கார மதிலும் குறுக்கே வந்தால் கரைவலைக்காரரின் பாடு இழப்பு. மீன் வாடை பிடிக்கவில்லை என்று பூங்காவுக்கு வருபவர் முறையிடுவார். அடுத்து வாடியை அகற்றச் சொல்வார்கள். பூங்கா எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மீனவர் சங்கத்தோடு உட்கார்ந்து வரைய வேண்டும், வரைந்து முடித்துவிட்டு அழைக்கக்கூடாது.

இத்தனையும் தீர்ந்தாலும் கடல் சும்மா இருக்கப் போவதில்லை. ஒலுவில் துறைமுகம் டென்மார்க் கடனில் கட்டப்பட்டு 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. அதன் அலைதடுப்புச் சுவர்கள் கரையோடு ஓடும் மணலை மறித்தன. ஒரு பக்கம் துறைமுக வாய் மணலால் அடைபட்டு வள்ளங்கள் போகமுடியாமல் போனது. மறுபக்கம் வடக்கே ஒலுவில், நிந்தவூர் என்று கரை தின்னப்பட்டது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. மாளிகைக்காட்டில் மையவாடியின் மதில் இடிந்து, புதைத்தவர்களைக் கடல் எடுத்துக்கொள்ளுமோ என்று ஊர் பதறியது. கல்லைக் கொட்டி ஓரிடத்தைக் காத்தால் அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்கிறது. இந்தக் கரையில் இலட்சக்கணக்கில் செலவழித்து நடைபாதை போட்டால் அது ஐந்து வருடம் இருக்குமா என்று கேட்காமல் திட்டம் போடுவது, திறப்புவிழாவுக்கு மட்டும் திட்டம் போடுவது. கரையை ஒட்டி சீமெந்து போடாமல், உள்ளே தள்ளி, மணலையும் தாழையையும் பூவரசையும் சவுக்கையும் முன்னால் விட்டு, கழற்றி நகர்த்தக்கூடிய மர இருக்கைகளோடு அமைப்பதே இங்கே சரி. பார்க்க அவ்வளவு பகட்டாக இருக்காது. பெயர்ப்பலகை நிற்க ஒரு நல்ல மதில்கூட அதில் இருக்காது என்பதுதான் பிரச்சினை.

கடலை விட்டு மேற்கே பார்த்தால் கரைவாகு வட்டை. புதிய நகரம் அங்கே வரும் என்று எத்தனையோ வருடங்களாகச் சொல்லப்படுகிறது; வயலை நிரப்பினால் பூங்கா, பஸ் நிலையம், அலுவலகம் எல்லாம் வரலாம். ஆனால் மழைகாலத்தில் இந்த ஊர்களின் நீர் முழுதும் இறங்கி நிற்பது அங்கேதான். 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. தாழ்நிலத்தை மண் போட்டு உயர்த்துகிறவர்கள் அந்த நீர் எங்கே போகும் என்று முதலில் காட்ட வேண்டும். வயலை வயலாக, ஈரநிலத்தை ஈரநிலமாக விட்டு, வரம்போடு ஒரு நடைபாதை மட்டும் போட்டால் கொக்கும் நாரையும் பார்த்துக்கொண்டு நடக்கலாம். கொழும்பில் அதற்கு நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

சாய்ந்தமருதுத் தோணாவும் அப்படியான ஒரு வாய்ப்புத்தான். ஊருக்குள்ளால் வந்து கடலில் விழும் நீர். இரு கரையிலும் மரமும் பாதையும் இருந்தால் அதைவிட நல்ல பூங்கா இந்தப் பட்டியில் எங்கும் அமையாது. அபிவிருத்தி செய்வோம் என்று பலமுறை பேசப்பட்டது, துப்பரவும் நடந்தது. ஆனால் வீட்டுக் குப்பை பையில் கட்டி அதற்குள்தான் விழுகிறது. இதில் அரசைக் குற்றம்சாட்டி நாம் தப்ப முடியாது. கரையோர ஊர்களின் குப்பை போய்ச் சேரும் பள்ளக்காட்டில் யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்த படங்கள் 2022இல் உலகெங்கும் போயின. யானை தின்றது நம் வீட்டு ஷொப்பிங் பையைத்தான்.

புலம்பெயர்ந்த உறவுகள் கோடை வந்தால் படம் அனுப்புகிறார்கள். ஸ்காபரோவில் மோர்னிங்சைட் பூங்காவில் பாடசாலைப் பழைய மாணவர் ஒன்றுகூடல். ஆட்டிறைச்சி வாட்டுகிற அடுப்பு, கூரை போட்ட மண்டபம், கயிறிழுத்தல், பிள்ளைகள் புல்லில் உருள்கிறார்கள். நாம் அந்தப் படத்தில் பசுமையைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது வேறு. பெரிய குழு வருவதென்றால் முன்கூட்டியே அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டும். எடுத்தவருக்கே அந்த இடம், அவர் எந்த நிறம், எந்த மொழி என்று கேட்பதில்லை. மலசலகூடத்தில் தண்ணீர் வருகிறது. குப்பைத் தொட்டியை வெறுமையாக்க ஒரு ஆள் சம்பளத்தோடு இருக்கிறார். சக்கர நாற்காலி ஏற ஒரு சரிவு இருக்கிறது. யுத்தத்திலிருந்து ஓடிப்போனவர்கள் அகதி மனு முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் காசு கொடுக்காமல் போயிருக்கக்கூடிய இடமாக இருந்ததும் அதுதான். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் பழைய மாணவர் சங்கங்கள் கட்டடத்துக்கும் வளைவுக்கும் பணம் அனுப்புவதைக் கொஞ்சம் நிறுத்தி, ஒரு பூங்காக் காவலாளியின் பத்து வருடச் சம்பளத்துக்குப் பணம் அனுப்பலாம். படம் எடுக்க அதில் ஒன்றும் இராது.

ஏனென்றால் நம் பூங்காக்கள் கட்டப்படாமல் அழிவதில்லை. கட்டப்பட்ட பின்புதான் அழிகின்றன. பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் ஒரு சறுக்கி, இரண்டு ஊஞ்சல், ஒரு வில்வளைவு, நினைவுக்கல். உப்புக் காற்றுக்கு இரும்புச் சங்கிலி இரண்டு மாரியைத் தாங்காது. மூன்றாம் வருடம் ஊஞ்சல் அறுந்து தொங்கும், மலசலகூடம் பூட்டு, சாவி யாரிடம் என்று தெரியாது. நினைவுக்கல் மட்டும் பளபளக்கும். பராமரிப்புக்கு ஒரு தலைப்பு வரவுசெலவுத் திட்டத்தில் இல்லாதபோது, அடுத்த அரசியல்வாதி பழையதைத் திருத்தமாட்டார். பக்கத்தில் இன்னொன்றைத் திறப்பார்.

சக்கர நாற்காலி பற்றிச் சொன்னேன். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் 2006இல் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகளும் பொது இடங்களை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி அமைக்கச் சொல்கின்றன. ஷெல்லில் காலை இழந்தவர்கள், கண்ணிவெடியில் சிக்கியவர்கள், சுனாமியில் முதுகெலும்பு உடைந்தவர்கள் வாழும் கரை இது. செயற்கைக் காலோடு மணலில் நடக்க முடியாது. கடலைப் பார்த்து வளர்ந்த ஒருவர் வீட்டிலிருந்து நானூறு மீற்றர் தூரத்தில் இருக்கும் கடலை வருடக்கணக்கில் பார்க்காமல் இருப்பது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. ஒரு மரப்பலகைப் பாதை போதும்.

எங்கே தொடங்கலாம் என்றால், காணிப் பதிவில். கல்முனை, கல்முனை வடக்கு, சாய்ந்தமருது என்று மூன்று செயலகங்களிலும் 65 மீற்றருக்குள் இருக்கும் வளவுகளின் பட்டியலை எடுத்து, உறுதி யாரிடம், விற்க விருப்பமா, மாற்றுக் காணி வேண்டுமா, விட்டுக்கொடுக்க மறுப்பா என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். கிராம சேவகர்களால் சில மாதங்களில் செய்யக்கூடிய வேலை. பெரிய நிதி தேவையில்லை. மூன்று செயலகங்களும் ஒரே வரைபடத்தை மேசையில் விரித்து உட்கார வேண்டும், அவ்வளவுதான் கஷ்டம். அந்த வரைபடம் கையில் இருந்தால், எப்போதாவது கல்முனைக்குத் தேர்தல் வரும்போது வாக்குக் கேட்டு வருபவரிடம் ஊர் மேடையில் காட்டிக் கேட்கலாம்: இதில் எந்த இடத்தை எல்லோருக்கும் விடப் போகிறீர்கள், அதைக் கூட்டித் துடைக்க எத்தனை பேரை வைக்கப் போகிறீர்கள் என்று.